எழ மறுக்கும் எந்திரம்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே ஒரு வழக்கம் உண்டு. வண்டி எளிதில் இயங்கத் தொடங்காவிடின் முதலிற் பிளக்குகளை மாற்றுவர். அதனாற் பயன் விளையாதெனின் கொயிலை மாற்றுவர். அதன்பின் பற்றரி, அதன்பின் காபுரேற்றர் என்று மாற்றம் தொடர்ந்துகொண்டே போகும். பணம் கரையும், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஈற்றில், "இந்த எஞ்சின் இனிச் சரிவராது" என்ற தீர்ப்பு வழங்கப்பட்டு, நல்ல எந்திரமொன்று வெளியே தூக்கப்பட்டு, அதன் இடத்தில் ஜப்பானிய டீசல் எந்திரம் ஒன்று இறக்கப்படும். இலங்கையில் எத்தனையோ ஆங்கில வண்டிகளுக்கு நேர்ந்த கதி இதுதான். வெளித்தோற்றம் பழைய பெருமையோடு நிற்கும். உள்ளே இருப்பதோ வேறொரு வண்டியின் இதயம்.

இந்தத் தீர்ப்புகளிற் பல, விசாரணையின்றி வழங்கப்பட்டவை. எழ மறுக்கும் எந்திரம் தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்குப் பொறுமை வேண்டும். எந்த ஒலி எதைக் குறிக்கும் என்ற அறிவும் வேண்டும். இதனை விளக்குவதற்கு உகந்த உதாரணம் ஜகுவார் மார்க் 2 என்னும் வண்டி.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1959 முதல் 1967 வரை உருவாக்கப்பட்ட இந்த வண்டி, தோலிருக்கையும் மெருகிட்ட மரப்பலகையும் கொண்ட ஓர் உல்லாச வாகனம். அதன் 3.8 லீற்றர் எந்திரம் மணிக்குச் சுமார் 125 மைல் வேகத்தைத் தரவல்லது. பிரித்தானியப் பொலிசார் இதனை விரும்பி வாங்கினர்; அவர்கள் துரத்திச் சென்ற வங்கிக் கொள்ளையரும் இதனையே விரும்பினர் என்பது அந்நாட்டில் இன்றும் சொல்லப்படும் வேடிக்கை. இதனுள் இருக்கும் எக்ஸ்.கே. எந்திரம் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டுவீச்சுத் தீயைக் கண்காணிக்கத் தொழிற்சாலையில் இரவுகளைக் கழித்த வேளைகளில், வில்லியம் லயன்ஸ் அவர்களும் ஹெயின்ஸ், ஹசன், பெய்லி ஆகிய பொறியியலாளரும் கலந்து பேசி வகுத்த திட்டத்திலிருந்து பிறந்தது அது. 1992 வரை ஏதோ ஒரு வடிவில் அது தயாரிக்கப்பட்டு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலை கைவிடாத எந்திரத்தை, ஒரு காலைப்பொழுதில் இயங்கவில்லை என்பதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய வண்டிகளைப் பொன்போற் பாதுகாக்க வேண்டிய தேவை அதனால் எழுந்தது. அந்தத் தேவை வளர்த்த கைத்திறன், வயது சென்ற பாஸ்மார் சிலரிடம் இன்றும் உண்டு. அத்தகைய ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றால் அவர் உடனே சாவியை எடுக்கமாட்டார். "ஐயா, இது விடியப்புறத்திலையோ இழுத்தடிக்குது, இல்லாட்டி ஓடிவந்து நிண்டாப் பிறகோ?" என்று முதலில் வினவுவார். பிணியறிதலில் பாதி வேலை இந்த வினாவோடு முடிந்துவிடுகிறது. குளிர்ந்த நிலையில் எழாத எந்திரத்தின் குறையும், சூடேறிய பின் எழாத எந்திரத்தின் குறையும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முன்னதற்குப் பெற்றோல் போதவில்லை. பின்னதற்குப் பெற்றோல் மிகுந்துவிட்டது.

குளிர்ந்த எந்திரத்துக்கு ஏன் மிகுதியான பெற்றோல் வேண்டும்? எரிவது திரவம் அன்று, ஆவியே. குளிர்ந்த உலோகத்தின்மேற் படும் பெற்றோலிற் பெரும்பகுதி ஆவியாகாமல் ஈரமாகவே ஒட்டிக்கொள்கிறது. ஆவியாகும் சிறுபகுதியே தீப்பற்ற உதவுவதால், தொடக்கத்தில் வழமையிலும் கூடிய அளவு பெற்றோலை உள்ளே செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த உண்மையை யாழ்ப்பாணத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் போர்க்காலத் தடையினாற் பெற்றோல் கிடையாதிருந்தபோது, குடாநாட்டின் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் அரும்பொருள்போற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எந்த நூலையும் புரட்டாமலே ஒரு சமுதாயம் முழுவதும் கற்றுக்கொண்ட எந்திரப் பாடம் அது.

மார்க் 2 வண்டியில் அந்தத் துளிகளை விடும் பணியை ஒரு தனிச் சாதனம் தானாகவே செய்கிறது. (2.4 லீற்றர் வண்டிகளில் சோலெக்ஸ் காபுரேற்றர்கள் இருந்தன. இங்கே கூறப்படுவது எஸ்.யூ. காபுரேற்றர்கள் இரண்டு பொருத்தப்பட்ட 3.4, 3.8 லீற்றர் வண்டிகளைப் பற்றியது.) ஏனைய வண்டிகளில் இருக்கும் சோக்கு எனப்படும் இழுகுமிழ் இதில் இல்லை. அதற்குப் பதிலாக, பெரிய காபுரேற்றர்களை அடுத்து ஒரு சிறிய துணைக் காபுரேற்றர் வைக்கப்பட்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அதன் சொலனொயிட்டுக்கு, அதாவது மின்காந்தச் சுருளுக்கு, மின் சென்று ஒரு தட்டு வால்வைத் தூக்கும். உடனே மேலதிகப் பெற்றோலும் காற்றும் எந்திரத்தினுள் உறிஞ்சப்படும். எந்திரம் இயங்கும்போது சீறுவது போன்ற ஒலியொன்று அதிலிருந்து எழும். குளிர்நீரின் வெப்பம் சுமார் 35 பாகை செல்சியசை அடைந்ததும், அந்நீரின் வழியில் அமைந்த வெப்பச் சுவிச்சொன்று மின்னைத் துண்டிக்கும், சீறல் அடங்கும்.

சட்டைப்பையில் அடங்கிவிடக்கூடிய இந்தச் சுவிச்சே பல பெரிய குற்றச்சாட்டுகளுக்கு மூலகாரணம். அது திறந்த நிலையிற் பழுதுற்றால் துணைக் காபுரேற்றர் ஒருபோதும் விழிக்காது. காலையில் வண்டி எழாது. மூடிய நிலையிற் பழுதுற்றால் அது ஒருபோதும் உறங்காது. எந்திரம் சூடேறிய பின்னும் பெற்றோல் மிகையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், புகைபோக்கியிற் கரும்புகை வரும், ஓய்வோட்டம் தள்ளாடும், எரிபொருட் செலவு ஏறும், சூடான எந்திரத்தை நிறுத்தி மீண்டும் எழுப்புவது பெரும்பாடாகும். ஒரே பொருள், இரு எதிர்ப்பட்ட நோய்கள். இதை அறியாதவர் முன்னதற்குக் காபுரேற்றரைக் கழற்றுவர். பின்னதற்கு எந்திரத்தையே பிரிப்பர்.

இதனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குளிர்ந்த எந்திரத்தில், சாவியைத் திருப்பிய நிலையில், சுவிச்சிலிருந்து வயரைக் கழற்றி எந்திரத்தின் வெற்று உலோகத்திலே தொட்டுப் பார்க்க வேண்டும். துணைக் காபுரேற்றரில் "டக்" என்ற ஒலி கேட்டால் சொலனொயிட்டும் வயரும் நலமுடையன, குற்றம் சுவிச்சினுடையது. ஒலி இல்லையெனின் சொலனொயிட்டையும் அதற்கு மின் வரும் வழியையும் ஆராய வேண்டும். சூடான எந்திரம் சீறிக்கொண்டே இருந்தால் அதே வயரைக் கழற்றிவிட வேண்டும். சீறல் நின்றால் சுவிச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவு. வயரைக் கழற்றியும் சீறல் நில்லாதெனின், வயரின் உறை தேய்ந்து எங்கோ உலோகத்தைத் தொடுகிறது, அல்லது தட்டு வால்வு அழுக்கினால் இருப்பிடத்தில் அமராமல் நிற்கிறது. வயரைத் தொடும்போது சிறு மின்பொறி எழக்கூடும். ஆதலாற் பெற்றோல் கசிந்து மணக்கும் இடத்தில் இச்சோதனையைச் செய்தலாகாது.

இலங்கையின் தட்பவெப்பம் இவ்விடயத்தில் ஒரு சிறு குழப்பத்தை விளைவிக்கிறது. 35 பாகை என்ற எல்லையை வகுத்தவர்கள் கொவென்றி நகரின் பனிக்காலக் காலைகளையே மனத்திற் கொண்டிருந்தனர். நுவரெலியாவில் இரவு வெப்பம் 10 பாகையளவுக்கு இறங்கும் காலத்தில் அந்த எல்லை பொருத்தமாகவே இருக்கும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நண்பகல் வெயிலில் நிற்கும் வண்டியின் குளிர்நீர், எந்திரம் ஓடாமலே அந்த எல்லையை நெருங்கிவிடும். அப்போது துணைக் காபுரேற்றர் மௌனமாக இருப்பது பழுதன்று. காலையில் நன்றாக எழும் வண்டி, வெயிலிற் காய்ந்த பிற்பகலில் சற்றுத் தயங்கினால் சுவிச்சைக் குறைகூற வேண்டியதில்லை. இக்காரணத்தால் உடைமையாளர் சிலர், தானியங்கும் சுவிச்சை ஒதுக்கிவிட்டுக் கையால் இயக்கும் சுவிச்சொன்றைப் பலகைக்குக் கீழ் மறைவாகப் பொருத்தியிருக்கின்றனர். தக்க ஏற்பாடுதான், ஆனால் அதை அணைக்க மறந்து பத்து மைல் ஓடியவருக்கு மேலே சொன்ன கரும்புகையே பரிசு.

இனி ஒலிகளைக் கேட்கும் வேலை. மார்க் 2 வண்டியில் சாவி வேறு, எந்திரத்தைச் சுழற்றும் பொத்தான் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில விநாடிகள் மிகவும் பயனுள்ளவை. சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்புறத்திலுள்ள எஸ்.யூ. மின்பம்பி விரைவாக "டிக் டிக்" என்று அடித்து, காபுரேற்றர்களின் மிதவைக் கிண்ணங்கள் நிரம்பியதும் வேகம் தணிந்து அடங்க வேண்டும். ஒலியே இல்லையெனின் பம்பியின் மின்தொடுமுனைகள் கருகி ஒட்டியிருக்கலாம். பம்பியின் உடலை மெல்லத் தட்டியதும் அது அடிக்கத் தொடங்கினால் ஐயமே இல்லை. விரைவாக அடித்துக்கொண்டே போய் அடங்காதெனின் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. அடங்கியபின் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒற்றை அடி கேட்டுக்கொண்டிருந்தால், நிரம்பிய பெற்றோல் எங்கோ இறங்கிச் செல்கிறது என்று பொருள். பம்பியின் வால்வு கசியலாம், மிதவைக் கிண்ணத்து ஊசி சரியாக அமராதிருக்கலாம். பின்னது காரணமாயின் பெற்றோல் மணமும் கூடவே வரும். அம்மணம் வரும் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திக் குறையைத் தீர்க்க வேண்டுமே தவிர, "ஓடினாற் சரியாகிவிடும்" என்று பொத்தானை அழுத்தலாகாது. பழைய வண்டிகள் தீக்கிரையாவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

வாரக்கணக்கில் ஓடாதிருந்த வண்டியிற் கிண்ணங்கள் வற்றியிருப்பது இயல்பு. சாவியைத் திருப்பி, பம்பியின் அடி அடங்கும்வரை பொறுத்து, அதன்பின் பொத்தானை அழுத்தினாற் பாதி வண்டிகள் முதல் முயற்சியிலேயே எழும். பொறுமையற்றவர் வெறுங்கிண்ணத்தோடு எந்திரத்தைச் சுழற்றிப் பற்றரியை வீணாக்குவர். வேறு சிலர் பொத்தானை அழுத்துமுன் வேகமிதியைப் பலமுறை அமுக்குவர். எஸ்.யூ. காபுரேற்றரில் வேகப் பம்பி என்பதே இல்லை. எத்தனை முறை மிதித்தாலும் ஒரு துளி பெற்றோலும் உள்ளே சிந்தாது. மிதிப்பவருக்குக் காலுறுதி மட்டுமே மிஞ்சும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியிற் பெற்றோலே கெட்டுப்போயிருக்கலாம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது இந்நாட்டில் எண்ணற்ற வண்டிகள் அசையாமல் நின்றன. நெருக்கடி நீங்கியபின் அவற்றிற் சில எழ மறுத்தன. பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துபோக, மிஞ்சியது மந்தமான திரவமும் பிசினுமே. அதற்கு மருந்து, தாங்கியையும் கிண்ணங்களையும் வடித்துப் புதிய பெற்றோல் நிரப்புவதன்றி வேறில்லை.

அடுத்து வருவது மின்சாரம். பொத்தானை அழுத்தியதும் எதுவுமே நிகழாதெனின், தானியங்கிக் கியர் உள்ள வண்டியில் நெம்புகோல் உரிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தல் நன்று. அது பிசகியிருந்தாற் பாதுகாப்புச் சுவிச்சு மின்னைத் தடுத்துவிடும். ஸ்ராட்டர் மோட்டர் மாத்திரம் விர்ரென்று சுழன்று எந்திரம் அசையாதிருந்தால், அதன் சிறு பற்சக்கரம் அழுக்கினால் திருகாணியில் இறுகி நிற்கிறது. எந்திரம் மெதுவாகச் சுழன்றால் பற்றரியின் இரு முனைகளிலும் வோல்ற்றுமானியை வைத்துப் பார்க்க வேண்டும். நன்கு ஏற்றப்பட்ட 12 வோல்ற்றுப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று அளவைக் காட்டும். சுழற்றும்போதும் 10 வோல்ற்றுக்குக் கீழே பெரிதும் இறங்காது. பற்றரி நலமாயிருந்தும் சுழற்சி மந்தமாயின், எந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னற்பட்டியைப் பார்க்க வேண்டும். துருவும் எண்ணெயும் படிந்த அந்தப் பட்டியினாற் புதிய பற்றரி வாங்கியோர் பலர். இன்னுமோர் அடையாளம் உண்டு. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மௌனமாயிருந்து, விரலை எடுத்த கணத்தில் எந்திரம் பிடித்துக்கொண்டால், ஸ்ராட்டர் மோட்டர் மின்னையெல்லாம் குடித்துவிடுகிறது, பொறிக்கு மின் எஞ்சவில்லை என்பது அதன் பொருள்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது மார்க் 2 வண்டியிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளில் எதிர்முனை இணைக்கப்படுகிறது. பிற்காலத்தில் முனைகளை மாற்றியவர் கொயிலின் இரு இணைப்புகளையும் மாற்ற மறந்திருந்தால் வண்டி ஓடவே செய்யும். ஆனாற் பொறி வலுக்குன்றும், ஈரக்காலையில் எழத் தயங்கும். இன்னொரு வண்டியின் பற்றரியிலிருந்து மின் கடன்வாங்கும்போதும் இவ்வேறுபாட்டை மறந்தவர் பெருஞ்சேதம் அடைவர்.

பொறியின் நிலையை அறியச் சுருக்கமான வழி பிளக்கொன்றைக் கழற்றிப் பார்ப்பதே. சிலமுறை சுழற்றியபின்னும் அது உலர்ந்திருந்தாற் பெற்றோல் வரவில்லை. முன்சொன்ன வழியே திரும்ப வேண்டும். நனைந்திருந்தாற் பெற்றோல் வந்தும் பற்றவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டது. பொறி நீலநிறமாகச் சடசடத்துப் பாய வேண்டும்; மெல்லிய மஞ்சள் இழையாயின் அதிலே வலுவில்லை. கடற்கரையோர ஊர்களில் ஓடாதிருக்கும் வண்டியின் டிஸ்றிபியூற்றர்த் தொடுமுனைகள் உப்புக்காற்றினாற் பூத்துவிடும். அவற்றைத் துடைத்து, இடைவெளியை 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் வைத்து, மூடியின் உட்புறத்தை உலர்துணியால் ஒற்றினாற் பல வண்டிகள் குணமாகும். பிளக்கு வயர்களைக் கழற்றியவர் மீண்டும் பூட்டும்போது ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இந்த எந்திரத்தில் ஒன்றாம் சிலிண்டர் முன்னே இல்லை. பின்னே, ஓட்டுபவரின் பக்கமாக இருக்கிறது. எரியும் ஒழுங்கு 1, 5, 3, 6, 2, 4. மற்ற வண்டிகளிற் பழகிய கை முன்புறத்திலிருந்து எண்ணிப் பூட்டிவிட்டு, காபுரேற்றர் துப்புகிறது என்று முறையிடுவதுண்டு.

சூடான நிலையில் எழாத வண்டிக்குத் துணைக் காபுரேற்றர் குற்றவாளியன்று என்று தெரிந்தபின், இரு ஐயங்கள் எஞ்சும். முதலாவது, வெப்பத் தேக்கம். கொழும்பு வீதிநெரிசலில் ஊர்ந்து வந்து பத்து நிமிடம் நிறுத்திய வண்டியின் மூடிக்குள், ஓடும்போது இருந்ததிலும் வெப்பம் ஏறும். கிண்ணங்களிற் பெற்றோல் கொதித்து ஆவி உள்ளே நிறைந்து எந்திரத்தைத் திணறடிக்கும். அப்போது வேகமிதியை முழுதும் அமுக்கி அசையாமற் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாற் காற்று மிகுந்து ஆவி வெளியேறும். எந்திரம் இருமிவிட்டு எழும். விடாது சுழற்றிக்கொண்டே இருப்பது தீங்கு. மிகையான பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிட, உலோகம் உலோகத்தோடு உராயும். இரண்டாவது ஐயம் கொயிலும் கொண்டென்சரும். குளிரில் நன்றாய் இருந்து சூட்டில் வலுவிழப்பது இவற்றின் இயல்பு. மின்முனைகளிற் படாதவாறு கொயிலின் உலோக உடலில் ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் பொறுத்தபின் வண்டி எழுந்தால் கொயில் பிடிபட்டது. கொண்டென்சரைச் சோதிப்பதிலும் நல்லதொன்றை மாற்றிப் பார்ப்பதே எளிது. ஆனாற் புதியது என்பதற்காக அது நல்லது என்று கொள்ளலாகாது. இக்காலத்தில் விற்கப்படும் மலிவான கொண்டென்சர்கள் சில, பெட்டியிலிருந்து எடுத்தபோதே நோயாளிகள்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் எந்திரம் சோர்ந்தே சுழன்றால், அமுக்கத்தை அளந்து பார்க்கும் கட்டம் அப்போதுதான் வருகிறது. எக்ஸ்.கே. எந்திரத்தில் வால்வு இடைவெளி உள்வால்வுக்கு 0.004 அங்குலம், வெளிவால்வுக்கு 0.006 அங்குலம். வால்வின் இருக்கை தேயத் தேய இந்த இடைவெளி கூடுவதில்லை; குறைந்துகொண்டே வரும். ஆகையால் "டிக் டிக்" என்று சற்றே ஒலிக்கும் தலைப்பாகத்தைக் கண்டு உடைமையாளர் கவலைகொள்வதும், ஓசையின்றி ஓடுவதைக் கண்டு மகிழ்வதும் தலைகீழான செயல்கள். ஓசையற்ற வால்வு முழுதும் மூடாமல் நிற்கலாம். அமுக்கம் அதன்வழியே கசியலாம். குளிர்ந்த காலையில் அதுவே எந்திரத்தை எழவிடாது தடுக்கலாம். இதைத் திருத்தத் திருகாணி கிடையாது. கமத்தண்டைத் தூக்கி, கிண்ணங்களின் அடியிலுள்ள சிறு தகடுகளை அளந்து, வேண்டிய தடிப்புள்ளவற்றை மாற்றி வைக்க வேண்டும். பொறுமையான கைக்கு ஒரு முழுநாள் வேலை. சங்கிலிச் சக்கரம் நழுவி விழாதபடி அதன் தாங்கியிற் பொருத்திவிட்டே கமத்தண்டிற் கைவைக்க வேண்டும்.